குவார்தேத்து எம் சி: நாலு சகோதரிங்களும் சேந்து பாடினது எது வரைக்கும்?

நடுநிசி_ரேடியோ:

வணக்கம் மக்களே. கொஞ்ச நாளா பிரேசில் பாட்டுலயே விழுந்து கிடக்கேன். போசா நோவான்னு (சம்பாவும் ஜாஸும் கலந்த மென்மையான பிரேசில் பாட்டு வகை) தேடினா எல்லா லிஸ்ட்லயும் ஜோவோ ஜில்பெர்த்தோ, டாம் ஜோபிம், அவ்ளோதான், ஆனா எனக்கு என்னமோ அந்தக் காலத்து வோக்கல் குரூப்புங்க பக்கம்தான் காது போகுது, அதுலயும் குவார்தேத்து எம் சி கேட்டதுலேர்ந்து வேற எதையும் போடவே தோணல. நாலு பொம்பளைங்க பாடறாங்கன்னு தெரியுது ஆனா யாரு எந்த சுரம்னு பிரிச்சு சொல்ல முடியல, அவ்ளோ ஒட்டி நிக்குது குரல்.

என் சந்தேகம் என்னன்னா, இவங்க கூடப்பொறந்த அக்கா தங்கச்சிங்கன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. ஆனா 1964 ஆல்பத்துல இருக்கற பேரும் 1972 ஆல்பத்துல இருக்கற பேரும் ஒத்துப்போகல. நடுவுல தி கேர்ள்ஸ் ஃப்ரம் பாஹியான்னு அமெரிக்க ரெக்கார்டு வேற கிடைக்குது, அதுலயும் இதே குரலுங்கதான் மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே குரூப்பா? நாலு சகோதரிங்களும் ஒண்ணா பாடினது எது வரைக்கும்? அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பேரை மட்டும் வச்சு ஓட்டினதா இல்ல நிஜமாவே நின்னு கேக்கற மாதிரி இருக்கா? கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க, நீளமா எழுதினாலும் படிப்பேன்.

வினைல்பெட்டி:

ஒரே குரூப்தான் தம்பி. நீளமாவே எழுதறேன்.

பாஹியா மாநிலத்துல தெற்குப் பக்கம் இபிராத்தாயான்னு ஒரு ஊர், கொக்கோ விளையற பூமி. அங்க ஒரே வீட்டுல பொறந்தவங்க சீவா, சிபேலி, சினாரா, சிலேனி. நாலு பேர் பேரும் சி-ல ஆரம்பிக்குது, குரூப் பேருல இருக்கற சி அதுதான். மூத்தவங்க சீவா. சல்வடோர்ல பாடிட்டு இருந்தவங்க அறுபதுகளோட ஆரம்பத்துல ரியோவுக்கு வந்து சேர்றாங்க, அங்க வினீசியுஸ் டி மொராயிஸ் கண்ணுல படறாங்க. வினீசியுஸ் யாருன்னா, கவிஞர், வெளியுறவுத் துறையில வேலை பாத்தவர், ஜோபிமோட மெட்டுக்கெல்லாம் வரி எழுதினவர், ரியோவுல இசை நடக்கற எந்த வீட்டுக்குள்ளயும் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நுழைஞ்சிடலாம். அவர் இந்தப் பொண்ணுங்கள தன் வீட்டுப் பிள்ளைங்க மாதிரி எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போனார்.

1964ல கோப்பகபானாவுல பெக்கோ தாஸ் கராஃபாஸ்ங்கற முட்டுச் சந்துல, பாட்டில்ஸ்னு ஒரு சின்ன பார்ல, குரூப்பா மேடை ஏறினாங்க. அந்தச் சந்துல இருந்த நாலஞ்சு குட்டி கிளப்புலதான் அப்ப ரியோவோட பாதி போசா நோவா நடந்துச்சு. அதே வருஷம் ஃபோர்மாங்கற சின்ன கம்பெனியில முதல் எல்பி. அதுக்கப்புறம் ஸூம் ஸூம்னு ஒரு நைட் கிளப்ல வினீசியுஸும் டொரிவால் காய்மியும் இவங்களும் சேந்து ஒரு ஷோ பண்ணாங்க, பின்னணிக்கு ஆஸ்கார் காஸ்ட்ரோ நெவிஸோட குழு. காய்மி பாஹியாக்காரர், கடலையும் மீனவங்களையும் பாட்டுல கொண்டு வந்தவர், அவரோட கனமான அடிக்குரலுக்குப் பின்னாடி இந்த நாலு பேரும் வர்ற இடம் இருக்கே, அந்த ஒரு ரெக்கார்டுக்காகவே எலென்கோ கம்பெனிக்கு நன்றி சொல்லணும்.

எலென்கோவ நடத்தினவர் அலோய்ஸியோ டி ஒலிவெய்ரா. கார்மென் மிராண்டாவோட அமெரிக்கா போன பாண்டோ டா லூவா குழுவுல இருந்தவர், அதனால அமெரிக்கத் தொடர்பு நல்லா உண்டு, பின்னாடி சீவாவைக் கல்யாணம் பண்ணவரும் அவர்தான். குவார்தேத்து எம் சின்னு சொன்னா அமெரிக்கால யாருக்கும் வாயில நுழையாது, அதனால தி கேர்ள்ஸ் ஃப்ரம் பாஹியான்னு பேரு வச்சாங்க. காய்மியோட ஒரு ஆல்பம், அப்புறம் வார்னர்ல 1967ல பார்டன் மை இங்கிலீஷ், அடுத்து இன்னொண்ணு. ஆண்டி வில்லியம்ஸ் டிவி ஷோவுல எல்லாம் வந்தாங்க.

இப்ப நீ கேட்ட விஷயம். சிலேனி 1966ல கல்யாணம் ஆகி விலகிட்டாங்க. அவங்க இடத்துக்கு ரெஜினா வெர்னெக் வந்தாங்க, அவங்களுக்கும் சிரெஜினான்னு மேடைப்பேரு வச்சு சி-க்குள்ள சேத்துக்கிட்டாங்க. அப்ப கணக்குப் போட்டுப்பாரு, நாலு சகோதரிங்க மட்டுமே பாடின ரெக்கார்டு காலம் மொத்தமே ரெண்டு ரெண்டரை வருஷம்தான். உனக்கு ரத்த உறவு நாலும் வேணும்னா 1964 ஃபோர்மா எல்பி, ஸூம் ஸூம் ரெக்கார்டு, இந்த ரெண்டையும் கண்ணை மூடிக்கிட்டு எடு.

அதோட நிக்கல. 1967 வாக்குல சினாராவும் சிபேலியும் தனியா ரெண்டு பேர் ஜோடியா பாடப் போயிட்டாங்க. சீவா மட்டும் குரூப்ப விடாம புது ஆளுங்கள வச்சு ஒரு எல்பி போட்டாங்க, அப்புறம் அதுவும் நின்னு போச்சு. 1972ல சீவாவும் சினாராவும் மறுபடி சேந்து, டொரீனியா தப்பஜோஸ், சோனியா ஃபெரெய்ரான்னு ரெண்டு பேர சேத்துக்கிட்டு திரும்ப ஆரம்பிச்சாங்க. நீ 1972 ஆல்பத்துல பாத்தது அந்தப் பேருங்க.

கோரஸ்காரி:

வினைல்பெட்டி அண்ணா எழுதினது எல்லாம் சரி, ஆனா "பேரை மட்டும் வச்சு ஓட்டினதா"ங்கற கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா நானும் கோரஸ் பாடறவ, இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

கூடப்பொறந்தவங்க பாடினா ஏன் ஒட்டுது? ஒரே வீட்டுல பேசி வளந்ததால உயிரெழுத்தை உச்சரிக்கறது ஒரே மாதிரி இருக்கும், ஆவுக்கு வாயை எவ்ளோ திறக்கறாங்க, ஊவுக்கு உதட்டை எவ்ளோ குவிக்கறாங்க, மூச்சை எங்க எடுக்கறாங்க, எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே பொருந்திடும். குரலோட நிறமும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். போசா நோவாவுக்கு இது எவ்ளோ பெரிய வரம்னு பாருங்க, அந்தப் பாட்டுங்கள்ல கார்டு, அதாவது ஒரே நேரத்துல சேந்து ஒலிக்கற சுரக் கூட்டம், எல்லாம் சும்மா ச க ப இல்ல, ஏழாவது ஒன்பதாவது சுரமெல்லாம் உள்ள வரும், அதைப் பொம்பளைக் குரல் எல்லைக்குள்ள நாலு பேருக்குப் பிரிச்சா சுரங்க ஒண்ணுக்கொண்ணு உரசிக்கிட்டே நிக்கும். பக்கத்து பக்கத்து சுரத்துல ரெண்டு பேர் நிக்கணும், யாரோ ஒருத்தர் ஸ்ருதி கொஞ்சம் நழுவினாலும் அசிங்கமா கேக்கும். 1964 எல்பியில அந்தப் பொண்ணுங்க அதை என்னமோ பேச்சு மாதிரி சாதாரணமா பண்றாங்க, அதுவும் துளி விப்ராட்டோ (குரல் நடுக்கம்) இல்லாம.

ஆனா அது ரத்தத்துனால மட்டும் வர்றது கிடையாது. வருஷக்கணக்கா பக்கத்துல நின்னு பாடினா வரும். அதுக்கு சாட்சி சோனியா ஃபெரெய்ரா. 1972லேர்ந்து அவங்க இருக்காங்க. 1980ல டொரீனியா போக, சிபேலி திரும்பி வந்தாங்க. சீவா, சினாரா, சிபேலி, சோனியா, இந்த நாலு பேரும் 2014ல சிபேலி சாகற வரைக்கும் ஒண்ணா பாடினாங்க. 34 வருஷம்! நாலு சகோதரிங்களா இருந்தது ரெண்டரை வருஷம், மூணு சகோதரிங்களும் சோனியாவுமா இருந்தது 34 வருஷம். இதுல எது அசல் குவார்தேத்து எம் சின்னு என்னைக் கேட்டா நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன், சோனியாவ வெளியாள்னு யாரு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

எழுபதுகள்ல அவங்க சவுண்டே மாறிடுச்சு. முதல் எல்பியில சின்னப் பொண்ணுங்க குரல், மெலிசா, வேகமா போகும். 1975ல சம்பா கன்சாவோ பாட்டுங்கள மட்டும் எடுத்து ஒரு தொகுப்பு போட்டாங்க, ஐம்பதுகளோட பழைய சோகப் பாட்டுங்க, அதுல குரல் கீழ இறங்கி கனமாகி, ஒவ்வொரு வரியும் நின்னு நிதானமா வருது. 1977ல லைவா ஒரு ரெக்கார்டு, ரெசிஸ்தீந்தோன்னு பேரு, ராணுவ ஆட்சி நடந்துட்டு இருக்கறப்ப அந்தப் பேருல ஒரு ரெக்கார்டு போடறதுக்கே தைரியம் வேணும். 1978ல எம்பிபி4ங்கற ஆம்பளைங்க குரூப்போட சேந்து கோப்ரா டி விட்ரோ. நாலு ஆண் நாலு பெண், எட்டுக் குரல். எம்பிபி4ல இருந்த ருய் ஃபாரியா சினாராவோட வீட்டுக்காரரா இருந்தவர், அதனால ரெண்டு குரூப்பும் நெருக்கமாவே இருந்தாங்க, 1997ல கூட மறுபடி சேந்து ஜோபிம், பாட்டு எழுதற சிக்கோ புவார்க்கி, இவங்க பாட்டுங்கள எடுத்து பாட்டி போக்கான்னு ஒரு ஆல்பம் போட்டாங்க. இதையெல்லாம் விட்டுட்டு 1964ஓட நிறுத்திக்கிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான்.

தென்றல்_கேசட்:

சினாரா சிபேலி ஜோடிய பத்தி யாராவது இன்னும் சொல்லுங்களேன். அவங்க ஒரு போட்டியில ஜெயிச்சு கூட்டமே கத்தி கூச்சல் போட்டதா ஒரு வீடியோவுல பாத்தேன், என்ன விஷயம்னே புரியல, பாட்டு அவ்ளோ அழகா இருக்கு ஏன் கத்தினாங்க?

மணல்வீடு:

அதை நான் சொல்றேன் சகோ, அது பிரேசில் இசை வரலாற்றுலயே மறக்க முடியாத ராத்திரிகள்ல ஒண்ணு.

அறுபதுகள்ல அங்க டிவியில பாட்டுப் போட்டிங்கதான் பெரிய விஷயம். நாடே உக்காந்து பாக்கும், பாட்டு எழுதினவர் ஒருத்தர், மேடையில பாடறவர் வேற ஒருத்தர். ரியோவுல மரக்கனாசீனியோ உள்ளரங்கத்துல சர்வதேச பாட்டுத் திருவிழா நடக்கும். 1967ல சிக்கோ புவார்க்கியோட கரோலினாவ சினாராவும் சிபேலியும் பாடி மூணாவது இடம் வந்தாங்க. அடுத்த வருஷம் 1968, ஜோபிம் இசை, சிக்கோ வரிகள், சபியா. சபியாங்கறது அங்க உள்ள ஒரு பறவை, ஊரை விட்டுத் தூரமா இருக்கறவன் நான் திரும்பி வருவேன்னு பாடற பாட்டு. அதே போட்டியில ஜெரால்டோ வாந்த்ரே ஒரு கிட்டாரோட தனியா வந்து ராணுவ ஆட்சிக்கு எதிரா ஒரு பாட்டு பாடினார். ரெண்டே ரெண்டு கார்டுதான், ஆனா அரங்கமே கூட சேந்து பாடுது. அந்த வருஷம் தெருவுல மாணவர் போராட்டம், துப்பாக்கிச் சூடு, மக்கள் கொதிச்சுப் போயிருந்தாங்க. நடுவர்ங்க சபியாவுக்கு முதல் பரிசு குடுத்தாங்க, வாந்த்ரேக்கு ரெண்டாவது. அவ்ளோதான், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து கூச்சல் போட ஆரம்பிச்சுட்டாங்க. சிக்கோ அன்னிக்கு நாட்டுலயே இல்ல. ஜோபிமும் இந்த ரெண்டு பொண்ணுங்களும் அந்தக் கூச்சலுக்கு நடுவுல நின்னு பாட்டைத் திரும்பப் பாட வேண்டியதாச்சு. ஜோபிமும் சிக்கோவும் மரியாதைக்கு உரியவங்கன்னு வாந்த்ரேயே மைக்ல சொல்லிப் பாத்தார், கூட்டம் அடங்கல.

அந்தப் பதிவை கேளுங்க. மேடையில நிக்கறவங்களுக்கு அவங்க குரலே காதுல விழுந்திருக்காது, அப்படியும் அந்த ரெண்டு பேரும் ஸ்ருதி விலகல. ஜோபிமோட மெட்டு நேரா போற மெட்டு இல்ல, எங்க எந்தச் சுரத்துக்குத் திரும்பும்னு ஊகிக்கவே முடியாது, அதை அந்த நிலைமையில ரெண்டு குரலா பிடிச்சு நின்னதுக்கு அக்கா தங்கச்சியா இருந்ததுதான் காரணம்னு நான் நம்பறேன். கோரஸ்காரி சொல்றத மதிக்கறேன், ஆனா அந்த ராத்திரிக்கு ரத்தம்தான் உதவுச்சு.

அதே வருஷம் டிசம்பர் 13ம் தேதி ராணுவ ஆட்சி ஐந்தாவது அவசரச் சட்டத்தைக் கொண்டு வந்து இருந்த கொஞ்ச உரிமையையும் புடுங்கிடுச்சு. வாந்த்ரே பாட்டுக்குத் தடை, அவர் நாட்டை விட்டே போனார். சிக்கோவும் அடுத்த வருஷம் இத்தாலிக்குப் போய் தங்க வேண்டி வந்துச்சு. அப்புறம்தான் நிறைய பேருக்கு சபியா யாருக்கான பாட்டுன்னு உறைச்சது.

இன்னொரு விஷயம் பாருங்க. 1968ல முதல் பரிசு, சகோதரிங்க குரூப்லேர்ந்து பிரிஞ்சு வந்த ரெண்டு பேருக்கு. 1969ல அதே திருவிழாவுல முதல் பரிசு எவீனியாவுக்கு, கான்டீகா போர் லூசியானாங்கற பாட்டுக்கு. எவீனியா யாருன்னா ட்ரியோ எஸ்பெரான்சாங்கற அண்ணன் தங்கச்சி குரூப்லேர்ந்து தனியா வந்த பொண்ணு! அந்தப் பாட்டை எழுதினவங்க எத்முந்தோ சோத்தோ, பவுலீனியோ தப்பஜோஸ். அந்த பவுலீனியோவோட தங்கச்சிதான் 1972ல குவார்தேத்து எம் சியில சேந்த டொரீனியா தப்பஜோஸ். இவங்க அப்பா பவுலோ தப்பஜோஸும் அவரோட கூடப்பொறந்தவரான அரோல்டோவும் முப்பதுகள்ல தப்பஜோஸ் சகோதரர்கள்னு ஜோடியா பாடினவங்க, வினீசியுஸ் வரி எழுதி முதல்ல ரெக்கார்டு ஆன பாட்டு 1932ல இவங்க குரல்லதான் வந்துச்சு. அந்த ஊர்ல பாட்டு பாதிக்கு மேல குடும்பத்துக்குள்ளயே ஓடியிருக்கு.

நடுநிசி_ரேடியோ:

யப்பா. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸூம் ஸூம் ரெக்கார்டு கேட்டுட்டேன், காய்மி பாட்டுக்கு அவங்க பின்னாடி வந்து சேர்ற இடத்துல உடம்பு சிலிர்த்துப் போச்சு. சம்பா கன்சாவோ தொகுப்பு இப்ப ஓடிட்டு இருக்கு, கோரஸ்காரி மேடம் சொன்னது சரி, இது வேற ஒரு குரூப் மாதிரியே இருக்கு, ஆனா அந்த ஒட்டுதல் அப்படியே இருக்கு. ட்ரியோ எஸ்பெரான்சா பத்தியும் சொல்லுங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?

வினைல்பெட்டி:

அது கொரேயா குடும்பம், ரியோக்காரங்க. அந்த வீட்டுல அண்ணன் தம்பிங்க ரொபெர்த்தோ, ரொனால்டோ, ரெனாட்டோ மூணு பேரும் வால்டிர்னு இன்னொருத்தரும் சேந்து 1958ல கோல்டன் பாய்ஸ்னு ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க, அமெரிக்க டூ-வாப் (குரலுங்களயே வாத்தியம் மாதிரி வச்சுப் பாடற குரூப் பாட்டு) ஸ்டைல்ல. அண்ணனுங்கள பாத்து சின்னதுங்க மாரியோ, ரெஜினா, எவீனியா மூணும் ட்ரியோ எஸ்பெரான்சா ஆச்சு. முதல் ரெக்கார்டு வர்றப்ப எவீனியாவுக்கு பத்து வயசு பக்கம்தான். அப்ப வந்ததெல்லாம் குழந்தைங்க பாட்டு, வெளிநாட்டு ஹிட்டுங்களோட போர்ச்சுகீஸ் வடிவம், பிரேசில்ல செம ஹிட்டு. குவார்தேத்து எம் சி கேட்டுட்டு நேரா அதுக்குப் போனா கொஞ்சம் லேசா தோணும், அதனால அங்க ஆரம்பிக்காத.

எவீனியா தனியா போனதும் தங்கச்சி மரீசா அந்த இடத்துக்கு வந்தாங்க. பாத்தியா, இந்த வீட்டுல வெளியிலேர்ந்து ஆள் எடுக்க வேண்டியதே இல்ல. இந்தக் குடும்பத்தோட குரல் அறுபது எழுபதுகள்ல எத்தனையோ பேரோட ரெக்கார்டுக்குப் பின்னாடி கோரஸா இருக்கு. 1968 திருவிழாவுல பெத் கர்வாலியோ பாடி மூணாவது இடம் வந்த அந்தான்சாவுல கூட நிக்கறது கோல்டன் பாய்ஸ்தான். சபியா ஜெயிச்ச அதே போட்டி.

நீ கேக்க வேண்டியது 1992ல வந்த ஆ கப்பேலா டோ பிராசில். எவீனியா எழுபதுகள்ல பிரான்சுக்குப் போயி, பால் மோரியாவோட ஆர்க்கெஸ்ட்ராவுல இருந்த பியானோக்காரர் ஜெரார் கம்பூஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் அங்க வச்சு ரெஜினா, மரீசா, எவீனியா, மூணு சகோதரிங்களும் சேந்து மறுபடி ட்ரியோ எஸ்பெரான்சா. வாத்தியமே கிடையாது, குரல் மட்டும். பத்து வயசுல பாடின பொண்ணு நாப்பது வயசுல வந்து நிக்கறாங்க, சின்ன வயசுல ஒண்ணா பாடிப் பழகினது அவ்ளோ வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கு.

கோரஸ்காரி:

அண்ணா அந்த ஆல்பம் எங்க பாட்டு குரூப்ல பாடம் மாதிரி வச்சு கேப்போம். மூணே குரல்ல போசா நோவா கார்டை எப்படிக் காட்டறதுன்னு அதுல கத்துக்கலாம், ஏன்னா நாலு சுரம் வேணும் ஆனா இருக்கறது மூணு பேரு, அப்ப எந்தச் சுரத்தை விடறது, விட்டதை கேக்கறவங்க காது தானா நிரப்பிக்கற மாதிரி எப்படிப் பாடறதுங்கறதுதான் வேலையே. பெரும்பாலும் அடிச்சுரத்தைத்தான் விடுவாங்க.

எவீனியாவோட தனி ரெக்கார்டையும் விட்டுடாதீங்க. 1971ல வந்த கார்தாவோ போஸ்தால்ல எஸ்பெரார் ப்ரா வேர்னு ஒரு பாட்டு இருக்கு, பிகேங்கற ரியோ ராப்பர் 2025ல போட்ட ஆல்பத்துல அதை சாம்பிள் பண்ணியிருக்கார், அதாவது அந்தப் பதிவுல ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டுல சேத்திருக்கார், அதைக் கேட்டுட்டு இருபது வயசுப் பசங்க எல்லாம் இப்ப எவீனியாவ தேடிக் கேக்கறாங்க.

தென்றல்_கேசட்:

குவார்தேத்து எம் சி இப்பவும் பாடறாங்களா?

மணல்வீடு:

சிபேலி போன பிறகு அவங்க இடத்துக்கு வேற பாடகி வந்து குரூப் தொடர்ந்து நடந்துச்சு சகோ. சினாரா 2023 ஏப்ரல்ல காலமாயிட்டாங்க. சபியா பாடின ரெண்டு பேருமே இப்ப இல்ல. அவங்க ஜோடியா 1968ல சிபிஎஸ்ல போட்ட எல்பி ஒண்ணு இருக்கு, சினாரா இ சிபேலின்னு பேருல தேடுங்க. குரூப் ரெக்கார்டுங்க அளவுக்கு யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல, ஆனா ரெண்டே குரலா இருக்கறதால யாரு மேல யாரு கீழன்னு தெளிவா பிரிச்சுக் கேக்க முடியறது அதுலதான். நடுநிசி, நீங்க கேட்ட முதல் கேள்விக்கு அதுல கொஞ்சம் வழி இருக்கு, அதைக் காதுல ஏத்திக்கிட்டு அப்புறம் 1964 எல்பிக்குப் போங்க, சினாரா எங்க சிபேலி எங்கன்னு நீங்களே பிடிச்சுடுவீங்க.